கடல் கொண்ட தலைவர்

ஜெபம் நம் வேலை, ஊர்ப்பணி ஊரார் வேலை என்று ஒதுங்கி நிற்கும் கிறித்தவத் தோழர்களுக்கு, சர் ஏ.டி. பன்னீர்செல்வத்தை நினைவூட்டுகிறோம்.

1888-இல் பிறந்த கத்தோலிக்கர் அவர். பாரிஸ்டர் தொழிலோடு நின்றாரா? இல்லை. தஞ்சை ஜில்லா போர்டு தலைவரானார். வடமொழிக்கே வாசல் திறந்திருந்த திருவையாற்றுக் கல்லூரியில் தமிழுக்கும் இடம் தந்தார். அங்கே தமிழ் கற்றவன் எம்மதத்தவன் என்று கேட்டாரா? 1931-இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் இந்தியக் கிறித்தவருக்காகப் பேசினார். 1938-இல் கட்டாய இந்தியை எதிர்த்துத் தமிழர் அனைவருக்காகவும் நின்றார்.

1940 மார்ச் 1. லண்டன் புறப்பட்டவரை ஓமான் கடல் விமானத்தோடு விழுங்கிற்று. உடலும் கிடைக்கவில்லை.

மலர் தூவக் கல்லறையில்லை, தோழர்களே! நகரமன்றத்திலும் தொழிற்சங்கத்திலும் நம்மோடு தோள் சேருங்கள். அதுவே அவருக்கு அஞ்சலி!