ராமானுஜனும் பரீட்சைப் படிப்பும்

இலஞ்சியிலும் தென்காசியிலும் உயர்தரப் பள்ளிகளில் வாசிக்கும் பிள்ளைகளில் பலர், பள்ளிக்கூடம் விட்டபின் புத்தகப் பையுடன் ட்யூஷனுக்குச் செல்கின்றனர். பொதுப் பரீட்சை ஒருபுறமும், வைத்தியக் கலாசாலையில் சேர்வதற்கான நீட் பரீட்சை மறுபுறமும் அவர்களை நெருக்குகின்றன. இத்தகைய தனிப்போதனையால் அறிவு வளருமா, மனப்பாடம் மட்டும் வளருமா என்பது பெற்றோர் பலருடைய ஐயம். அவ்வையத்தைத் தெளிய விரும்புவோர் கணித மேதை ஸ்ரீநிவாஸ ராமானுஜனுடைய சரித்திரத்தைக் கண்ணுறுதல் நலம்.

அவர் 1887-ஆம் வருஷம் டிசம்பர் 22-ஆம் தேதி ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தையார் ஜவுளிக் கடையில் கணக்கெழுதியவர். வருமானம் போதாமையால், கலாசாலை மாணவர் சிலருக்கு வீட்டில் இடமும் உணவும் அளித்துப் பொருளீட்டி வந்தனர். அம்மாணவருள் ஒருவர், இலஞ்சியும் அந்நாளில் அடங்கியிருந்த திருநெல்வேலி ஜில்லாவினின்று சென்றவர். சிறுவனுக்குக் கணக்கில் இருந்த ஆசையைக் கண்டு, தாம் அறிந்தவற்றையெல்லாம் அவர்கள் கற்பித்தனர். ராமானுஜனுக்குக் கிடைத்த முதல் தனிப்போதனை அதுவே; அதற்குக் கட்டணமுமில்லை, பரீட்சையுமில்லை.

1903-இல் கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணித நூலொன்று அவர் கைக்கு வந்தது. கார் பெரிய கணித சாஸ்திரி அல்லர். மாணவரைப் பரீட்சைக்குத் தயார் செய்வித்து ஜீவனம் நடத்திய லண்டன் ட்யூஷன் உபாத்தியாயர். ஏறக்குறைய 5,000 முடிவுகளை வரிசைப்படுத்தி, நிரூபணத்தைப் பெரும்பாலும் குறிப்பளவில் விட்டுவிட்டார். பிறர் நெட்டுருச் செய்யத் தக்க அந்நூலை ராமானுஜன் நெட்டுருச் செய்யவில்லை. ஒவ்வொரு முடிவையும் தாமே நிறுவப் புகுந்தார். உபாத்தியாயர் விட்ட இடைவெளியே அவருக்குக் கலாசாலையாயிற்று.

ஆயினும் பரீட்சை அவரைக் கைவிட்டது. 1904-இல் பரிசுடன் பள்ளிப்படிப்பை முடித்துக் கும்பகோணம் அரசாங்கக் கலாசாலையில் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்தவர், கணிதமே கதியென்றிருந்து ஏனைய பாடங்களில் தவறி அச்சம்பளத்தை இழந்தார். பின்னர் சென்னைப் பச்சையப்பன் கலாசாலையில் சேர்ந்தும், 1907-இல் எப். ஏ. பரீட்சையில் தேறினாரில்லை. 1909-இல் விவாகம் நிகழ்ந்தது. ஜீவனோபாயம் தேட வேண்டியதாயிற்று. அக்காலத்தில் அவரும் ட்யூஷன் சொல்லிக் கொடுத்தார். ஆனால் பாடத்திட்டத்தின் எல்லையில் அவர் மனம் நில்லாது. அனந்தத்தைப் பற்றியே பேச்சுச் செல்லும். பி. ஏ. மாணவர் ஒருவருக்குக் கற்பித்தது சில வாரங்களுக்குமேல் நீடிக்கவில்லை. அம்மாணவரையும் குறை கூறுவதற்கில்லை. அவருக்கு வேண்டியிருந்தது பரீட்சையில் தேர்ச்சி.

1912-இல் சென்னைத் துறைமுக டிரஸ்டில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவானார். மறுவருஷம் ஜனவரியில் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். ஹார்டியோ, பரீட்சைக்காகவே மாணவரைத் தீட்டும் கேம்பிரிட்ஜ் முறையை வெறுத்து அதன் சீர்திருத்தத்திற்குப் போராடியவர். பட்டமில்லாதவரின் கடிதத்தில் மேதையைக் கண்டறிந்தார் அவர். சென்னைச் சர்வகலாசாலையும், பட்டதாரியல்லாத ராமானுஜனுக்கு 1913-இல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவி அளித்தது. விதியைக் காட்டி மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை என்பது அதற்குப் பெருமை. 1914-இல் சீமை சென்றார். 1918-இல் ராயல் சொஸைட்டி அவரை அங்கத்தினராக்கியது. 1919-இல் நோயுடன் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி, 32-ஆம் வயதில் காலமானார்.

எல்லாப் பிள்ளைகளும் ராமானுஜன்களல்லர். பரீட்சையை அலட்சியம் செய்யுமாறு ஒருவருக்கும் நாம் உபதேசிக்கவில்லை. எப். ஏ. தவறியபின் அவர் பட்ட வறுமை யாருக்கும் வேண்டாம். ஆனால் மாணவன் தானே நிறுவுவதற்கு இடம் விடும் போதனை அறிவை வளர்க்கும். விடையை முன்கூட்டியே ஊட்டிவிடும் போதனை அதைச் செய்யாது. ஆகவே நம்மூர் ட்யூஷன் உபாத்தியாயர்கள், வாரத்தில் ஒருநாளேனும் பரீட்சையில் வாராத கணக்கொன்றை மாணவர் கையில் கொடுத்து, விடை கூறாது காத்திருப்பார்களாக. ஒரு பாடத்தில் தவறிய பிள்ளையைப் பெற்றோரும் எதற்கும் உதவாதவனென்று ஒதுக்காமல், அவன் எதில் ஈடுபட்டு ஊணுறக்கம் மறக்கிறான் என்று விசாரிப்பார்களாக.