யுவான் சுவாங் காஞ்சிபுரத்தில் என்ன பார்த்தார்? இலங்கைக்குப் போகாமல் திரும்பியது ஏன்?

திண்டுக்கல் - நத்தம் சாலையில் இருக்கும் சாணார்பட்டியும் அதன் சுற்றுவட்டாரமும் பழைய பாண்டிய நாட்டுப் பக்கம். அந்த நாட்டில் சுமார் 1,380 ஆண்டுகளுக்கு முன்பே பௌத்த விகாரைகள் பாழடைந்து கிடந்தன. இதைக் குறித்து வைத்தவர் ஒரு சீனத் துறவி. பள்ளிப் பாடத்தில் படித்தோமே, அதே யுவான் சுவாங்தான்.

ஏன் கிளம்பினார்?

கி.பி. 602 வாக்கில் பிறந்தவர். சின்ன வயதிலேயே துறவியானார். சீன மொழியில் இருந்த பௌத்த நூல்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. மூல நூல்களைத் தேடி இந்தியாவுக்கே போய்விடலாம் என்று முடிவெடுத்தார். நாட்டை விட்டு வெளியேற அப்போது தடை. 629 வாக்கில் ரகசியமாகக் கிளம்பினார். வழியில் பாலைவனத்தில் தண்ணீர்ப் பை கைநழுவிக் கொட்டிவிட, தாகத்தில் சாகக் கிடந்து பிழைத்தார்.

காஞ்சிக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

நாளந்தாவில் அவருக்குப் பாடம் சொன்னவர் சீலபத்திரர். சீலபத்திரரின் குரு தர்மபாலர், காஞ்சிபுரத்துக்காரர். அதாவது, குருவின் குரு பிறந்த ஊர் அது.

640 வாக்கில், நரசிம்மவர்ம பல்லவன் காலத்தில், காஞ்சிக்கு வந்தார். பல்லவ நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட விகாரைகள், 10,000 துறவிகள், சுமார் 80 இந்துக் கோயில்கள், ஏராளமான சமணர்கள் என்று கணக்கு எழுதினார். நகருக்கு அருகே அசோகர் கட்டியதாகச் சொல்லப்பட்ட 100 அடி ஸ்தூபியையும் குறிப்பிட்டார்.

அங்கிருந்து இலங்கைக்குக் கப்பலேறுவதுதான் திட்டம். ஆனால், இலங்கையிலிருந்து வந்த துறவிகள் மன்னர் இறந்துவிட்டார், அங்கே பஞ்சம் என்றார்கள். பயணத்தைக் கைவிட்டார்.

பாண்டிய நாட்டுக்கு வந்தாரா?

நேரில் வரவில்லை, காஞ்சியில் கேட்டறிந்ததையே எழுதினார் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. மலைகூடம் என்று அவர் சொல்லும் அந்த நாட்டில் விகாரைகள் பெரும்பாலும் இடிந்து, துறவிகளும் சிலரே இருந்தார்களாம்.

கொண்டுபோனது என்ன?

திரும்பும் வழியில் சிந்து நதியில் படகு ஆட்டம் கண்டு, சுவடிக் கட்டுகள் சில தண்ணீரோடு போயின. இருந்தும் 645-ல் 657 நூல்களோடு ஊர் சேர்ந்தார். 664-ல் இறக்கும்வரை 19 வருஷம் மொழிபெயர்ப்புதான் வேலை. 75 நூல்களை முடித்தார்.

இன்றைக்கு எதற்குப் பயன்?

19-ம் நூற்றாண்டில் அலெக்சாண்டர் கன்னிங்காம் அவருடைய குறிப்புகளில் இருந்த திசையையும் தூரத்தையும் வைத்தே பல பௌத்தத் தலங்களைத் தேடினார். நாளந்தாவை அடையாளம் காணவும் அவை உதவின. காஞ்சியில் அந்த ஸ்தூபியும் இல்லை, விகாரைகளும் இல்லை. புத்தர் சிலைகள் சில கிடைத்திருக்கின்றன. அவை எப்படிப்பட்ட நகரத்தில் நின்றன என்று சொல்ல, பார்த்து எழுதிய அவருடைய குறிப்பு மிச்சமிருக்கிறது.