இருளில் கணிதம் கற்ற மேரி சோமர்வில்

எண்ணையும் எழுத்தையும் மனிதனுக்கு இரு கண்கள் என்று போற்றினார் வள்ளுவர். அவ்விரு கண்களும் ஒரே பொருளை ஒருங்கே நோக்கும் இடம் ஒன்று உண்டு. அதுதான் இயற்கணிதம். தொடக்கப் பள்ளி முடியும் வரை எண் வேறு, எழுத்து வேறு என்று நம்பியிருந்த சிறுவன், நடுநிலைப் பள்ளியில் ஒருநாள் கணக்கு வகுப்பின் கரும்பலகையில் 'எக்ஸ்' என்ற எழுத்தைக் காண்கிறான். அதனோடு ஐந்தைக் கூட்டு என்கிறார் ஆசிரியர். எழுத்தோடு எண்ணை எப்படிக் கூட்டுவது? சிறுவனுக்கு வியப்பும் அச்சமும் ஒருசேரத் தோன்றுகின்றன. அச்சம் மிகுந்தவர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். வியப்பு மிகுந்தவர் மேலே செல்கிறார்கள்.

அந்த எழுத்தைப் பள்ளியில் காணும் வாய்ப்பே இல்லாத ஒரு சிறுமி, தற்செயலாக அதைக் கண்டு வியந்தாள். விளக்கம் சொல்வாரின்றி, வீட்டார் தடுத்த போதும் தானே தேடிக் கற்றாள். பின்னாளில் ஐரோப்பிய அறிஞர் உலகமே மதிக்கும் நிலைக்கு உயர்ந்தாள். அவரே மேரி சோமர்வில் அம்மையார்.

பிறப்பும் இளமையும்

மேரி 1780ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26ஆம் நாள் ஸ்காட்லாந்தில் ஜெட்பர்க் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் வில்லியம் ஜார்ஜ் ஃபேர்ஃபாக்ஸ் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி. எடின்பரோ நகருக்கு எதிர்க்கரையில் உள்ள பர்ன்ட்ஐலண்ட் என்ற கடலோரச் சிற்றூரில் மேரி வளர்ந்தார். தந்தையார் பெரும்பாலும் கப்பலில். குடும்பத்தில் வசதி பெரிதாக இல்லை. கிளிஞ்சல் பொறுக்குவதும், பறவைகளை நோக்குவதும், கடற்கரைக் கற்களை ஆராய்வதுமே சிறுமியின் பொழுதுபோக்கு.

நெடுங்காலம் கடலில் இருந்து திரும்பிய தந்தையார், மகளுக்கு எழுதவே தெரியவில்லை என்று கண்டு வருந்தினார். எழுதவும் வீட்டு வரவு செலவுக் கணக்கு வைக்கவுமாவது பெண்பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா என்று கருதி, பத்து வயதில் மஸல்பரோ என்ற ஊரின் விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார். அங்கே உடல் நிமிர்ந்திருக்க வேண்டும் என்று எஃகுத் தகடு வைத்த இறுக்கமான உடுப்பை மாட்டினார்கள். அகராதியில் ஒரு பக்கத்தை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். ஓராண்டில் அந்தப் படிப்பு முடிந்தது. மேரியின் முறையான பள்ளிப் படிப்பு என்று சொல்லத்தக்கது ஏறக்குறைய அவ்வளவுதான்.

வீடு திரும்பியதும் நூல்களில் மனம் சென்றது. வந்திருந்த அத்தை ஒருவர், பெண்பிள்ளை தைக்காமல் படித்துக்கொண்டே இருக்கிறாளே என்று தாயாரிடம் குறை சொன்னார். உடனே மேரி தையல் பழக அனுப்பப்பட்டார். ஊர்ப் பள்ளியில் ஆண்பிள்ளைகள் இலத்தீனும் கப்பலோட்டும் கணக்கும் கற்றார்கள். பெண்பிள்ளைகளுக்கு விவிலியம் வாசிக்கத் தெரிந்தால் போதும் என்பது அக்கால வழக்கம். ஜெட்பர்கில் இருந்த உறவினரான பாதிரியார் தாமஸ் சோமர்வில் மட்டும் சிறுமியின் ஆர்வத்தைப் பாராட்டி, காலை வேளைகளில் அவரோடு அமர்ந்து இலத்தீன் கவிதை படித்தார்.

எக்ஸும் ஒய்யும்

மேரிக்குப் பதினைந்து வயதை ஒட்டிய காலம். தேநீர் விருந்து ஒன்றில் பெண் ஒருத்தி, பூத்தையல் மாதிரிகளைக் காட்டுவதற்காகப் பெண்கள் மாத இதழ் ஒன்றை அவரிடம் கொடுத்தாள். வண்ண உடைகளின் படங்களும் விடுகதைகளும் நிறைந்த இதழ் அது. ஒரு பக்கத்தின் இறுதியில் கணக்குப் புதிர் ஒன்று இருந்தது. பக்கத்தைத் திருப்பினால், விந்தையான கோடுகளும் அவற்றிடையே எக்ஸ், ஒய் என்ற எழுத்துகளும்! இது என்ன என்று கேட்டார் மேரி. அது ஒருவகைக் கணக்கு, அல்ஜீப்ரா என்று பெயர், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது என்றாள் அப்பெண். பூத்தையல் மேரியின் மனத்தில் நிற்கவில்லை. அல்ஜீப்ரா என்ற சொல் மட்டும் நின்றது.

அந்தச் சொல்லுக்குப் பின்னே நெடிய வரலாறு உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத் நகரில் வாழ்ந்த அல் குவாரிஸ்மி எழுதிய நூலின் பெயரில் வரும் 'அல்ஜப்ர்' என்ற அரபுச் சொல்லே ஐரோப்பிய மொழிகளில் அல்ஜீப்ரா ஆயிற்று. குறைந்ததை நிறைத்துச் சரி செய்தல் என்பது அதன் பொருள். நம் நாட்டில் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாஸ்கராச்சாரியார் இத்துறைக்குப் பீஜகணிதம் என்ற தனிநூலே எழுதினார். தெரியாத எண்கள் பலவாக வரும்போது கருப்பு, நீலம், மஞ்சள் என்று நிறங்களின் பெயரிட்டு, அப்பெயர்களின் முதலெழுத்தால் குறிப்பது நம்மவர் வழக்கம். எக்ஸ், ஒய் என்ற எழுத்துகளை நிலைபெறச் செய்தவர் பிரெஞ்சு அறிஞர் டேக்கார்ட். அவரது நூல் வெளிவந்தது 1637இல்.

இக்கலையின் உயிர் எங்கே இருக்கிறது? ஓர் எண்ணை இருமடங்காக்கி ஐந்தைக் கூட்டினால் 31 வருகிறது; அந்த எண் யாது? கூர்மையான சிறுவன் வாய்க்கணக்காகவே பின்னோக்கிச் சென்று 13 என்று சொல்லிவிடுவான். ஆனால் கேள்வி சிக்கலாகும்போது வாய்க்கணக்கு தடுமாறும். இயற்கணிதமோ தெரியாத பொருளுக்கு முதலில் ஒரு பெயரிடுகிறது. பெயரிட்டபின், தெரிந்த பொருளைப் போலவே அதைக் கையாள்கிறது. சமன்பாடு ஒரு தராசு. ஒரு தட்டில் ஐந்தை எடுத்தால் மறு தட்டிலும் ஐந்தை எடுக்க வேண்டும், 26 எஞ்சும். இரண்டு தட்டுகளையும் பாதியாக்கினால் எக்ஸ் 13 என்று தானே வெளிப்படும். தெரியாததைக் கண்டு அஞ்சாமல், அதற்கு ஓர் இடம் கொடுத்துவிட்டு, நேர்மையாக ஒவ்வோர் அடியாக நடந்தால் அது தெரிந்ததாகிவிடும் என்பதே இயற்கணிதம் கற்பிக்கும் பாடம். மேரியின் வாழ்வும் இப்படித்தான் நடந்தது.

மெழுகுவத்தி போனபின்

அந்தக் கணக்கைப் பற்றி யாரிடம் கேட்பது? வீட்டில் இருந்த கப்பலோட்டும் நூல் ஒன்றைப் புரட்டினார். அதில் அல்ஜீப்ரா கிடைக்கவில்லை. எடின்பரோவில் ஓவியர் அலெக்ஸாண்டர் நாஸ்மித்திடம் படம் வரையப் பழகினார். ஒருநாள் நாஸ்மித் வேறு மாணவியரிடம், அருகில் உள்ளது பெரிதாகவும் தொலைவில் உள்ளது சிறிதாகவும் தோன்றும் முறையை அறிய வேண்டுமானால் யூக்ளிடின் வடிவ கணிதத்தைப் படியுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வேறொருவருக்குச் சொன்னது மேரியின் காதில் விழுந்தது. தேடிக்கொண்டிருந்த வழி தெரிந்தது.

ஆனால் இளம்பெண் புத்தகக் கடையில் போய் யூக்ளிட் கேட்பது அந்நாளில் நடவாத செயல். தம்பிக்குப் பாடம் சொல்ல வந்த ஆசிரியரிடம் மெல்லச் சொன்னார். அவர் யூக்ளிடையும், பள்ளிகளில் வழங்கிய பானிகாசிலின் இயற்கணித நூலையும் வாங்கித் தந்தார். பகலில் பியானோவும் தையலும் ஓவியமும். இரவில் எல்லோரும் உறங்கியபின் கணிதம்.

மெழுகுவத்தி இவ்வளவு விரைவில் தீர்கிறதே என்று பணிமக்கள் முறையிட்டார்கள். மேரி படுத்தவுடன் மெழுகுவத்தியை எடுத்துவிட வேண்டும் என்று தாயார் ஆணையிட்டார். அளவு கடந்த படிப்பால் பெண்ணின் சித்தம் கலங்கிவிடும் என்று தந்தையார் உண்மையாகவே அஞ்சினார். பெண்ணின் மூளை கணிதத்தைத் தாங்காது என்பது அன்று படித்தவர்களும் நம்பிய கருத்து.

அதற்குள் மேரி யூக்ளிடின் முதல் ஆறு பகுதிகளை முடித்திருந்தார். விளக்கு இல்லாவிட்டால் என்ன? இருளில் படுத்தபடியே முதற் பகுதியிலிருந்து தொடங்கி, இரவுக்குச் சில கணக்குகளாக மனத்திற்குள்ளேயே நிறுவிப் பார்த்தார். ஏறக்குறைய முழுவதையும் அவ்வாறே நினைவிலிருந்து சொல்லும் அளவுக்குத் தேர்ந்தார். விடியற்காலையில், கணப்பு மூட்டாத குளிர் அறையில், போர்வையைச் சுற்றிக்கொண்டு காலையுணவு வேளை வரை இயற்கணிதம் படித்தார்.

இரு திருமணங்கள்

1804இல் உறவினர் சாமுவேல் கிரெய்க் என்பவருக்கு மேரியை மணம் செய்து கொடுத்தனர். லண்டனில் வாழ்க்கை. கணவர் படிப்பைத் தடுக்கவில்லை. எனினும் பெண்ணின் அறிவைப் பற்றி அவருக்கு நல்லெண்ணம் இல்லை. 1807இல் அவர் மறைந்தார். இரு குழந்தைகளோடு மேரி பெற்றோர் வீடு திரும்பினார். துயரத்திலும் ஒன்று கிடைத்தது: தம் பொருளைத் தம் விருப்பப்படி செலவிடும் உரிமை. இனி ஒளிவு மறைவின்றிப் படித்தார். கணித இதழ் ஒன்றில் வெளிவந்த புதிருக்கு விடை கண்டு, 1811இல் தம் பெயர் பொறித்த வெள்ளிப் பதக்கம் பெற்றார். பின்னர் எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான வில்லியம் வாலஸ், படிக்க வேண்டிய பிரெஞ்சுக் கணித நூல்களைக் குறித்துக் கொடுத்தார். அவற்றை விலைக்கு வாங்கி அடுக்கிய அன்று, எத்தனையோ ஆண்டு ஏக்கம் தீர்ந்தது.

1812இல் மேரி, பாதிரியார் தாமஸின் மகனான மருத்துவர் வில்லியம் சோமர்வில்லை மணந்தார். இந்த அவமானப் படிப்பையெல்லாம் விட்டுவிட்டு அடக்கமான மனைவியாக நடக்க வேண்டும் என்ற கருத்துப்பட வில்லியமின் தங்கை கடிதம் எழுதினாள். வில்லியமோ மனைவிக்காக நூலகங்களில் தேடினார். கையெழுத்துப் படிகளைப் படியெடுத்தார். பெண்கள் அமர இடமில்லாத ராயல் கழகத்தில், 1826இல் அவரது கட்டுரையைத் தாமே சமர்ப்பித்தார். ஒளிக்கதிரின் காந்த ஆற்றலைப் பற்றிய அக்கட்டுரையின் முடிவு பின்னர்த் தவறென்று தெரிந்தது. எனினும் அது கழகத்தின் இதழில் இடம் பெற்றது.

வானத்தின் இயக்கம்

1827இல் புரூம் பிரபு ஒரு வேண்டுகோள் விடுத்தார். பிரெஞ்சு மேதை லாப்லாஸ் கோள்களின் இயக்கத்தை விளக்கி எழுதிய பெருநூலை ஆங்கிலத்தில் தர வேண்டும் என்றார். இங்கிலாந்தில் அதைப் புரிந்துகொண்டவர்கள் மிகச் சிலரே. மேரி தயங்கினார். பின், இச்செய்தி வெளியே தெரியக்கூடாது, தேறாவிட்டால் கையெழுத்துப் படியைத் தீயிலிட வேண்டும் என்ற நிபந்தனைகளோடு ஒப்புக்கொண்டார். பிள்ளைகளைக் கவனித்து, வீட்டை நடத்தி, வருவோரை உபசரித்து, இடையிடையே எழுதினார். வாசல் மணி ஒலித்தால் தாள்களை மறைத்துவிடுவார்.

அது வெறும் மொழிபெயர்ப்பு அன்று. லாப்லாஸ் தாண்டிச் சென்ற படிகளை இவர் நிரப்பினார். அல்ஜப்ர் என்ற சொல்லின் பொருளே அதுதானே! 1831இல் 'வானத்தின் இயக்கம்' என்ற பெயரில் 750 படிகள் அச்சாயின. பெரும்பகுதி கேம்பிரிட்ஜில் விற்றது. உயர்கணிதம் பயிலும் மாணவர்க்கு அது பாடநூல் ஆயிற்று. அந்தப் பல்கலைக்கழகத்தில் மாணவியாகச் சேரும் உரிமை அந்நாளில் எந்தப் பெண்ணுக்கும் இல்லை.

1834இல் பௌதிக அறிவியல் துறைகளின் தொடர்பை விளக்கும் நூலை வெளியிட்டார். யுரேனஸ் கோளின் பாதை பிறழ்வதைப் பற்றி அதன் பிற்பதிப்பு ஒன்றில் இருந்த குறிப்பே புதிய கோளைத் தேடும் எண்ணத்தைத் தமக்குத் தந்தது என்று வானநூல் அறிஞர் ஆடம்ஸ் பின்னாளில் கூறினார். அவ்வாறு தேடப்பட்ட நெப்டியூன் 1846இல் கண்டுபிடிக்கப்பட்டது. 1835இல் கரோலின் ஹெர்ஷலோடு மேரியும் ராயல் வானவியல் கழகத்தின் மதிப்புறு உறுப்பினர் ஆனார். அப்பெருமை பெற்ற முதற் பெண்கள் அவ்விருவரே. ராயல் கழகம் அவரது மார்பளவுச் சிலையைத் தன் மண்டபத்தில் வைத்தது. சிலை நுழைந்த அந்தக் கழகத்தில் பெண்கள் உறுப்பினராக நுழைய 1945 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தாம் பெற்றதைப் பிறருக்கு வழங்கவும் அவர் மறக்கவில்லை. கணிப்பொறி வரலாற்றில் இடம்பெற்ற ஏடா லவ்லேஸ், இளம்வயதில் இவரிடம் கணித ஊக்கம் பெற்றவர். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு ஜான் ஸ்டூவர்ட் மில் முன்னின்ற விண்ணப்பத்தில் மேரியும் கையொப்பமிட்டார்.

இறுதி நாட்கள்

பிள்ளைகள் சிலரை இளமையிலேயே இழந்த துயரமும், பொருள் நெருக்கடியும் அவரை வருத்தின. 1838 முதல் இத்தாலியில் வாழ்ந்தார். 1848இல் இயற்கைப் புவியியல் நூலும், 1869இல் தமது எண்பத்தெட்டாம் வயதில் அணுக்களையும் நுண்ணுயிர்களையும் பற்றிய நூலும் வெளியிட்டார். 1872 நவம்பர் 29இல் நேப்பிள்ஸ் நகரில் தமது 91ஆம் வயதில் மறைந்தார். காது மந்தமாகி, பெயர்கள் மறந்துபோன அந்த வயதிலும், காலை வேளையில் படுக்கையில் அமர்ந்தபடி உயர் இயற்கணித நூல்களைப் படித்துக் கணக்குகள் செய்துவந்தார். விடை வராத கணக்கை விட்டுவிட மாட்டார்; மறுநாள் மீண்டும் தொடங்குவார்.

1879இல் ஆக்ஸ்ஃபோர்டில் பெண்களுக்காகத் தொடங்கிய கல்லூரிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. நம் நாட்டின் கொர்னேலியா சொராப்ஜி சட்டம் பயின்றதும், இந்திரா காந்தி அம்மையார் பயின்றதும் அந்தச் சோமர்வில் கல்லூரியில்தான். 2017இல் ஸ்காட்லாந்தின் பத்துப் பவுன் நோட்டிலும் அவர் உருவம் ஏறியது.

நமக்கு என்ன?

மேரிக்கு அறிவு இருந்தது, உழைப்பு இருந்தது. இல்லாதது ஒன்றே: கேட்டால் சொல்ல ஓர் ஆள். ஓவியர் வேறொருவருக்குச் சொன்ன ஒரு வாக்கியமும், தம்பியின் ஆசிரியர் வாங்கித் தந்த இரு புத்தகங்களும் இல்லாதிருந்தால் அந்த மேதை தையலோடு மறைந்திருப்பார். அப்படி மறைந்தவர் எத்தனை பேர் என்பதை எந்தச் சமன்பாடும் சொல்லாது.

அரசு கலைக் கல்லூரியில் பயிலும் நம்மில் பலர், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். நமக்குக் கேட்க ஆசிரியப் பெருமக்கள் இருக்கிறார்கள். இரவில் எரிய விளக்கு இருக்கிறது. நாளை நம்மில் சிலர் ஏதோ ஒரு சிற்றூரின் நடுநிலைப் பள்ளியில் கணித ஆசிரியராக நிற்கப் போகிறோம். அங்கே கடைசி வரிசையில் அமர்ந்த சிறுமி ஒருத்தி எழுந்து, இந்த எக்ஸ் என்றால் என்ன என்று கேட்பாள். அவளுக்குப் பொறுமையாக விடை சொல்வதே நாம் மேரி சோமர்வில் அம்மையாருக்குச் செய்யும் மரியாதை.