ஜீவா: மறுப்பும் மரபும்

பூதப்பாண்டியில் 21-8-1907இல் பிறந்த ப. ஜீவானந்தத்துக்குப் பெற்றோர் இட்ட பெயர் சொரிமுத்து. அது குலதெய்வத்தின் பெயர். அப்பெயர் தாங்கி வளர்ந்தவரே பின்னாளில் தமிழகத்தின் நாத்திக நாவலர்களுள் தலைசிறந்தவரானார்.

1930இல் லாகூர்ச் சிறையில் பகத்சிங் எழுதிய நாத்திக விளக்கத்தை, 1930களின் நடுவில் ஜீவா தமிழில் பெயர்த்தார். எல்லாம் வல்லவன் படைத்த உலகில் எளியோர்க்கு இத்தனை துயர் ஏன் என்பது அந்நூலின் வினா. தூக்குமேடை நெருங்கிய வேளையிலும் ஆறுதலுக்காக நம்பிக்கையைத் தேடாத நேர்மை அதன் உயிர். அத்தமிழாக்கத்துக்காக ஜீவா கைதானார்.

கம்பராமாயணத்தைத் தீயிடலாமா என்ற சொற்போர் 1943இல் மூண்டது. ஜீவாவோ கடவுளை ஏற்காமலே கம்பனைப் போற்றினார்; காரைக்குடிக் கம்பன் விழாவில் ஆத்திகப் புலவர் நடுவே முழங்கினார். இது முரண்பாடாகத் தோன்றலாம். ஆயின், இறைவன் உண்டா என்பது சான்று கொண்டு ஆராய வேண்டிய வழக்கு. கவிதையில் ஒலிப்பது மாந்தரின் அன்பும் அவலமும். அவற்றை உணர இறைநம்பிக்கை முன்நிபந்தனை அன்று. அதுபோலவே, கவிதையின் பேரழகை இறையிருப்புக்குச் சான்றாகக் கொள்ளவும் இயலாது.

1961இல் கலை இலக்கியப் பெருமன்றம் கண்ட ஜீவா 18-1-1963இல் மறைந்தார். நம்புவோரும் மறுப்போரும் ஒருங்கமர்ந்து கம்பனைச் சுவைக்கும் அவைகளுக்கு அவர் வாழ்வே சான்று.