பியேர் ஃபோஷார்

பியேர் ஃபோஷார் (1678 – மார்ச் 1761) பிரான்சு நாட்டைச் சேர்ந்த பல் மருத்துவர் ஆவார். இவர் தற்காலப் பல் மருத்துவத்தின் தந்தை எனப் போற்றப்படுகிறார்.

வாழ்க்கை

இளமையில் பிரெஞ்சுக் கடற்படையில் சேர்ந்த ஃபோஷார், அங்கு பொத்தலரே என்னும் அறுவை மருத்துவரிடம் பயின்றார். நெடும் பயணங்களில் ஸ்கர்வி நோயால் மாலுமிகளின் ஈறுகள் சிதைந்து பற்கள் உதிர்வதைக் கண்டது இவரது நாட்டத்தை வாய் நோய்களின்பால் திருப்பியது. பின்னர் ஆஞ்சே நகரில் தொழில் செய்து, பாரிசில் குடியேறினார்.

அக்காலத்தில் பல் பிடுங்குவோர் சந்தைகளிலும் தெருக்களிலும் தொழில் நடத்தினர். தேர்ந்தவர்களோ தம் முறைகளை மறைத்தே வைத்தனர். இவர் அவ்வழக்கத்திற்கு மாறாகத் தாம் அறிந்தவற்றைப் படங்களுடன் எழுதி, மருத்துவர்களிடமும் அறுவை மருத்துவர்களிடமும் காட்டி ஒப்புதல் பெற்று, 1728இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். "பல் அறுவை மருத்துவர்" எனப் பொருள்படும் தலைப்புடைய இந்நூல் 1733இல் செருமன் மொழியில் வந்தது. விரிவாக்கிய இரண்டாம் பதிப்பு 1746இல் வெளியானது. பற்சொத்தைக்குப் புழுவே காரணம் என்ற பழைய நம்பிக்கையை ஃபோஷார் மறுத்தார். இனிப்புப் பண்டங்களைக் குறைக்குமாறு கூறினார். (காலையில் சிறுநீரால் வாய் கொப்பளிக்கவும் இதே நூலில் பரிந்துரைத்துள்ளார்!)

பல்வரிசையும் பல்லடைப்பும்

கோணல் பற்களை நேராக்க, பல்வரிசையின் வளைவுக்கேற்ப வளைத்த, துளைகளிட்ட உலோகப் பட்டையை இவர் பயன்படுத்தினார். நூலால் பல்லைப் பட்டையுடன் கட்டும்போது பல் மெல்ல இடம் நகரும். இடமில்லாதபோது பல்லின் பக்கங்களை அரத்தால் தேய்த்தார். சில வேளைகளில் குறட்டால் பல்லை ஒரே முறையில் திருப்பி, அது உறுதிப்படும்வரை அண்டைப் பற்களுடன் கட்டிவைத்தார். பல்லையே இழக்கச் செய்யக்கூடிய முறை இது.

சொத்தைக் குழிகளை ஈயம், வெள்ளீயம், தங்கம் ஆகியவற்றால் அடைத்தார். இழந்த பற்களுக்கு ஈடாக மனிதப் பல், நீர்யானைத் தந்தம் முதலியவற்றால் பற்கள் செய்து அண்டைப் பற்களுடன் பிணைத்தார். வேர் எஞ்சியிருந்தால் அதில் முளை பொருத்திப் பல்லை நிறுத்தினார்.

இவை அனைத்தையும் ஒருவரே செய்ததால், எந்தப் பல்லை நகர்த்துவது, எதை அடைப்பது என்பதை அவரே முடிவு செய்தார். 20ஆம் நூற்றாண்டில் பற்சீரமைப்பு தனித்துறையான பின், இம்முடிவை இருவர் கூடி எடுக்க வேண்டியதாயிற்று. சான்றாக, முன்வரிசையில் பிறவியிலேயே ஒரு வெட்டுப்பல் இல்லாதவருக்கு, இடைவெளியை மூடுவதா, செயற்கைப் பல்லுக்காகப் பேணுவதா என்பதைப் பற்சீரமைப்பு மருத்துவரும் செயற்கைப் பல் பொருத்துபவரும் கம்பி கட்டும் முன்பே பேசித் தீர்மானிக்கின்றனர். கம்பியை அகற்றிய பின் இடைவெளி ஒரு மில்லிமீட்டர் குறைந்திருந்தாலும் செயற்கைப் பல் பொருந்தாமல் போகலாம்.

ஃபோஷாரின் நூலை இலிலியன் இலின்சே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1946இல் வெளியிட்டார்.