காட்சியளவையும் ரிவர்சும்

மரக்காணத்து உப்பளக் கரையில் கோடைக்கால மாலையொன்றில் நம் துறை மாணவருடன் நின்றிருந்தோம். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இக்கரையைச் சார்ந்ததே என்று அறிஞர் பலர் கருதுவர். அதனைக் காணவே சென்றிருந்தோம். பாத்திகளில் விளைந்த உப்பை வாரி வரப்போரத்தில் குவித்திருந்தனர். மாணவர் ஒருவர் குவியலொன்றைச் சுட்டி, அதன் உயரமும் அடியகலமும் ஒன்றே என்றார். ஏனையோரும் ஆம் என்றனர். நமக்கும் அவ்வாறே தோன்றியது. அங்கு வேலை செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் சிரித்தவாறே கழியொன்றும் கயிறொன்றும் கொடுத்தார். அளந்து பார்த்தோம். உயரம் குறைவு, அகலமே மிகுதி. அளந்த பின்னரும் நம் கண்ணுக்குக் குவியல் உயர்ந்தே தோன்றியது என்பதுதான் வியப்பு.

நின்ற கோடு, அதே நீளமுடைய கிடந்த கோட்டினும் நெடியதாகத் தோன்றுதல் மனிதப் பார்வையின் இயல்பு. இம்மயக்கத்தை நம் தமிழகத்து நீலமலையில் தோதவரிடம் அளந்து பார்த்தவர் ஒருவர் உண்டு. அவரே வில்லியம் ஹால்ஸ் ரிவர்ஸ் ரிவர்சு என்னும் ஆங்கிலேய அறிஞர். மானிடவியலார் அவரைத் தம்மவர் என்பர். மருத்துவரும் அவ்வாறே உரிமை கொண்டாடுவர். உளவியல் மாணவர்க்கோ அவர் சோதனைமுறையின் முன்னோடிகளுள் ஒருவர்.

ரிவர்சு 1864 மார்ச் 12-இல் இங்கிலாந்தின் கெண்ட் மாவட்டத்தில் பிறந்தார். தந்தையார் சமயகுரு, திக்குவாய் உடையோர்க்குப் பயிற்சியளிப்பதிலும் வல்லவர். ஆயினும் மகனாரின் திக்கல் முற்றும் தீரவில்லை. பள்ளியிறுதிக் காலத்தில் கண்ட நச்சுக்காய்ச்சலால் கேம்பிரிட்ஜ் உதவித்தொகைத் தேர்வு கைநழுவியது. இலண்டனில் மருத்துவம் பயின்று 1886-இல் பட்டம் பெற்றார். சிலகாலம் கப்பல் மருத்துவராகவும் உலகைச் சுற்றினார். இன்னொன்றும் ஈண்டுக் கூறத்தக்கது. கண்டவற்றை மனக்கண்முன் மீண்டும் கொணரும் ஆற்றல் அவரிடம் இளமையிலேயே மங்கிப்போயிற்று. அத்தகையவர் பார்வையின் இயல்பையே தம் முதல் ஆய்வுப்பொருளாகக் கொண்டார்!

அக்காலத்தில் உளவியல் மெய்யியலின் மடியிலிருந்து இறங்கி நடைபழகிக்கொண்டிருந்தது. செருமனியின் லைப்சிக் நகரில் வுண்ட் என்பார் 1879-இல் உளவியற் சோதனைக்கூடம் அமைத்திருந்தார். செருமனி சென்ற ரிவர்சு, கிரேப்பெலின் என்பாரிடம் உழைப்பும் களைப்பும் பற்றிய சோதனைகளைக் கற்றார். 1897-இல் கேம்பிரிட்ஜில் சோதனை உளவியலுக்கென ஓர் அறை ஒதுக்கப்பட்டபோது அதன் பொறுப்பு அவரிடம் வந்தது. நம் நாட்டில் இத்துறை 1916-இல்தான் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் நரேந்திரநாத் சென்குப்தாவின் தலைமையில் தொடங்கியது.

1898-இல் ஹேடன் என்பார் தலைமையில் ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் இடைப்பட்ட டாரஸ் நீரிணைத் தீவுகளுக்கு ஓர் ஆய்வுக்குழு சென்றது. ரிவர்சும் அதிற் சேர்ந்தார். நாகரிகம் எட்டாத மக்களுக்குப் பருந்தின் கண்ணும் மானின் செவியும் உண்டு என்று பயணிகள் எழுதிக் குவித்திருந்த காலம் அது. ரிவர்சு அதை நம்பவுமில்லை, மறுக்கவுமில்லை, அளந்தார். ஆங்கில எழுத்தாகிய ‘ஈ’யின் வடிவை அட்டையில் எழுதித் தொலைவில் நிறுத்தி, அது எப்பக்கம் திரும்பியிருக்கிறதோ அப்பக்கமே கையிலுள்ள வடிவைத் திருப்பச் சொன்னார். எழுத்தறியாதவரும் செய்யத்தக்க சோதனை அது. விளைவு யாது? தீவினரின் பார்வைக் கூர்மை ஐரோப்பியரினும் சற்றே மிகுதி. பயணிகள் வியந்த அளவுக்கு அன்று. தொலைவிலுள்ள படகை அவர்கள் முதலிற் காண்பது பழக்கத்தாலும் கருத்தூன்றலாலுமே என்று அவர் கண்டார். மரக்காணத்து மீனவர் அடிவானத்துப் புள்ளியொன்றைக் காட்டி இன்னாருடைய படகு என்று சொல்லும்போது நாம் விழிப்பதும் இதனாலேயே. அவர் கண்ணும் நம் கண்ணும் ஒன்றுதான். கடலைப் படித்த ஆண்டுகளே வேறு.

இங்கே ஒரு குறையையும் சொல்லவேண்டும். கறுப்பர் வெள்ளையரினும் நன்கு காண்பர் என்று சிலர் கூறுவதாகவும், அதைச் சோதித்துப் பெரிய நூலொன்றில் எழுதப்போவதாகவும் ரிவர்சு தீவினரிடம் முன்கூட்டியே சொன்னார். அவர்கள் ஆர்வத்தோடு வந்தனர். வந்தவர் வெல்லும் நோக்கோடு வந்தனர் அல்லவா? இன்றைய மாணவர் அவ்வாறு செய்தால் ஆசிரியர் ஏட்டைத் திருப்பித் தந்துவிடுவார்.

1901-இல் ரிவர்சு நீலமலைக்கு வந்தார். சில திங்கள் உதகைப் பகுதியில் தங்கித் தோதவரிடையே பணிசெய்தார். ஊராளி, சோளகர் ஆகியோரின் பார்வை பற்றிய அவருடைய கட்டுரை 1903-இல் சென்னை அரசு அருங்காட்சியக வெளியீடாக வந்தது. தோதவரிடம் வண்ணக் கம்பளி நூல்களைக் கொடுத்து இனம்பிரிக்கச் சொல்லி நிறக்குருடு உள்ளோரைக் கண்டறிந்தார். கோடுகளால் விளையும் மயக்கங்களையும் சோதித்தார். முனைகளில் அம்புக்குறி உடைய கோடுகளில் ஒன்று நீண்டும் மற்றொன்று குறுகியும் தோன்றும் அல்லவா? அம்மயக்கம் ஆங்கிலேயரினும் தோதவர்க்குக் குறைவாயிருந்தது. உப்புக்குவியலில் நாம் பட்ட நின்றகோட்டு மயக்கமோ அவர்க்கு மிகுதியாயிருந்தது. தீவினரிடமும் அவ்வாறே. கற்றவர் மயங்கார், கல்லாதவரே மயங்குவர் என்ற செருக்கும், இயற்கையோடு வாழ்வோரின் கண் பொய்க்காது என்ற கற்பனையும் இந்த ஒரே சோதனையில் வீழ்ந்தன. பார்ப்பது கண்ணின் தொழில் மட்டுமன்று, அதனுள் கருதலும் கலந்துள்ளது என்பதை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இப்னுல் ஹைதம் தம் ஒளியியல் நூலில் விளக்கியுள்ளார். மணிமேகலை அளவைகளை எண்ணும்போது காட்சியை முதலில் வைக்கிறது. அக்காட்சியையும் அளக்கவேண்டும் என்பதே ரிவர்சின் பணி.

ஆனால் அளந்தவர் அளவோடு நின்றாரா என்றால், இல்லை. புலன்களில் மிகுதியாகக் கருத்தைச் செலவிடுவோர்க்கு உயர்சிந்தனை வளர்தல் அரிது என்று எழுதினார். இதற்கு அவரிடம் சோதனை எதுவும் இல்லை. தீவினரின் மொழியில் நீலத்துக்கு உரிய சொல் தெளிவாக இல்லாமையைக் கண்டு, அவர்தம் கண்ணுக்கே நீலவுணர்வு குறைவென ஊகித்தார். அமெரிக்காவில் பணியாற்றிய டிச்சனர் 1916-இல் இதனைக் கடுமையாக மறுத்து, சோதனை நடந்த இடத்தின் வெளிச்சத்தையே ஐயுற்றார். தமிழாசிரியராகிய நாமும் இதை ஏற்பதற்கில்லை. நம் புலவர் கருமையையும் நீலத்தையும் ஒரே பொருளுக்கு மாற்றி மாற்றிச் சொல்வர். ஆதலால் அவர் கண் பழுதென்று யாரும் சொல்லார்.

தோதவரிடையே அவர் பணி முடிந்த விதமும் வருத்தம் தருவது. மறைவாய்ப் போற்றிய சடங்குச் செய்திகளை அவருக்குத் தெரிவித்தோர் சிலருடைய குடும்பங்களில் நோயும் இறப்பும் அடுத்தடுத்து நேர்ந்தன. தெய்வக்குற்றமே காரணம் எனத் தோதவர் கருதினர். அதன்பின் வாய்திறக்கத் தயங்கினர். 1906-இல் வெளிவந்த தம் நூலில் ரிவர்சு இதனை மறைக்காமல் பதிவு செய்துள்ளார். அறிவுக்காகக் கேட்ட கேள்விக்கு விடைசொன்னவரே விலைகொடுத்ததாக உணர்ந்தனர். இக்கணக்கு இன்றும் தீர்ந்ததாக நமக்குத் தோன்றவில்லை.

அவருடைய சோதனைகளுள் நாம் மிகவும் மதிப்பது மது பற்றியது. சிறிதளவு மது உழைப்பைப் பெருக்குமா, குறைக்குமா என்று பலர் முன்னரே ஆராய்ந்திருந்தனர். குடித்தவர்க்குத் தாம் குடிப்பது மது என்று தெரியும். அந்த எண்ணமே கையை இயக்கிவிடலாம் என்பதை அவர்கள் போதிய அளவு கருதவில்லை. ரிவர்சு சுவையால் வேறுபாடு அறியாதவாறு கலந்த பானத்தையும், மது இல்லாத போலிப்பானத்தையும் மாற்றி மாற்றித் தரச்செய்து, தாமே சோதனைக்கு உட்பட்டார். இந்த ஆய்வு 1908-இல் நூலாயிற்று. முன்னோர் கண்ட விளைவுகள் சில எதிர்பார்ப்பால் வந்தவையாகலாம் என்பது புலனாயிற்று. மது தீது என்பது நம் இல்லங்களில் வினாவுக்கு இடமில்லாத உறுதி. எனினும் நமக்கு உவப்பான முடிவையும் இத்தகைய சோதனையின்றி அறிவியலின் பெயரால் சொல்லலாகாது என்று வகுப்பில் கூறியபோது மாணவர் சிலர் முகஞ்சுளித்தனர். கூறியதை நாம் மாற்றிக்கொள்ளவில்லை.

1903-இல் ஹென்றி ஹெட் என்னும் மருத்துவர் தம் இடக்கை நரம்பொன்றைத் தாமே விரும்பி அறுக்கச்செய்தார். உணர்வு எவ்வாறு மீள்கிறது என்று நான்காண்டுகள் ரிவர்சு சோதித்தார். ஹெட் கண்மூடி அமர்ந்திருப்பார். தொடுவது எது என்பதை அறியார்.

முதல் உலகப்போர் இந்த ஆய்வாளரை மீண்டும் மருத்துவராக்கியது. எடின்பரோவை அடுத்த கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் அவர் கண்ட படைத்தலைவர் பலர் குண்டுபட்டவர் அல்லர். அச்சத்தால் உறக்கம் இழந்தவர், நாத்திக்கியவர். போரை மறந்துவிடுங்கள் என்பதே அவர்களுக்கு அதுவரை சொல்லப்பட்ட மருந்து. மறக்க முயல்வதே நோயை வளர்க்கிறது என்று கண்ட ரிவர்சு, நடந்ததைச் சிறிது சிறிதாகப் பேசச்செய்தார். போரை எதிர்த்து அறிக்கை விடுத்த கவிஞர் சீக்பிரிட் சசூன் 1917-இல் அவரிடமே அனுப்பப்பட்டார். சசூனிடம் பித்து எதனையும் ரிவர்சு காணவில்லை. நலம்பெற்றவரைப் போர்முனைக்கே திருப்பி அனுப்பவேண்டிய கடமை அவர் தோள்மேல் இருந்தது. கேட்கக் கேட்க, போரைப் பற்றிய அவருடைய எண்ணமே அசைந்தது. திக்குவாயோடு வளர்ந்த அவர், நா எழாதவரின் பேச்சுக்குப் பொறுமையோடு செவிசாய்த்தார் என்பதை எண்ணிப் பார்க்கிறோம்.

போருக்குப்பின் அரசியலிலும் நாட்டம் கொண்டு, தொழிற்கட்சியின் சார்பில் இலண்டன் பல்கலைக்கழகத் தொகுதியில் நிற்க இசைந்திருந்தார். அதற்குள் குடலிறக்க நோய் முற்றி, 1922 சூன் 4-இல் கேம்பிரிட்ஜில் காலமானார். அகவை ஐம்பத்தெட்டு. கனவுகளைப் பற்றி அவர் எழுதிவைத்திருந்த நூல் மறு ஆண்டில் வெளிவந்தது. தம் கனவுகளையே அதில் அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டிருந்தார்.