சலவைத் தொட்டியிலிருந்து கல்லூரி வரை

கூந்தலைப் பேணுவதும் ஒரு கல்வியா என்று ஏளனமாய்க் கேட்போர் உண்டு. அக்கல்வியைக் கொண்டே ஆயிரக்கணக்கான ஏழைப் பெண்களைத் தலைநிமிர்ந்து வாழச் செய்தவர் மேடம் சி. ஜே. வாக்கர் அம்மையார்.

1867ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள், அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில் டெல்ட்டா என்னும் ஊரில், பருத்தித் தோட்டத்துக் குடிசையொன்றில் இவர் பிறந்தார். இயற்பெயர் சாரா பிரீட்லவ். அடிமைகளாய் இருந்த பெற்றோருக்கு, விடுதலைக்குப்பின் பிறந்த முதற் குழந்தை இவரே. 7 வயதில் தாய் தந்தையரை இழந்தார். 14 வயதில் திருமணம். 20 வயதில் கைம்மை. கையில் லீலியா என்னும் பெண் குழந்தை.

செயின்ட் லூயிஸ் நகரில் முடிதிருத்துவோராய் இருந்த அண்ணன்மாரை நாடிச் சென்றார். அங்கே பிறர் துணிகளை வெளுத்து, நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு டாலர் கூலி பெற்றார். தமக்குக் கிட்டாத கல்வி மகளுக்குக் கிட்டவேண்டும் என்பதே அவர் வேட்கை. அந்தக் கூலியில் மிச்சம் பிடித்து மகளைக் கல்லூரி வரை படிக்க வைத்தார்.

அக்காலத்தில் ஏழைகளின் வீடுகளில் குழாய்த் தண்ணீர் இல்லை. அடிக்கடி தலைகுளிக்க இயலாமையால் தலைத்தோல் நோயுற்று, பெண்கள் பலருக்கு முடி கொட்டியது. சாராவும் அத்துன்பத்துக்கு ஆளானார். ஆனி மலோன் என்னும் கறுப்பினப் பெண்மணியின் கூந்தல் மருந்துகளை முதலில் விற்றுத் தொழில் பழகினார். 1905இல் டென்வர் நகருக்குச் சென்றார். மறு ஆண்டு சார்லஸ் ஜோசப் வாக்கரை மணந்து, அவர் பெயராலேயே கந்தகம் சேர்ந்த தம் சொந்தக் களிம்பை விற்கலானார்.

மருந்தை விற்றால் மட்டும் போதாது, தொழிலையும் கற்பிக்க வேண்டும் என்று அவர் உணர்ந்தார். 1908இல் பிட்ஸ்பர்க் நகரில் மகள் பெயரால் லீலியா கல்லூரியைத் தொடங்கினார். தலையை முறையாய் அலசுதல், தலைத்தோலை இதமாய்த் தேய்த்துவிடுதல், களிம்பிடுதல், சூடேற்றிய சீப்பால் வாருதல், தூய்மை பேணுதல் ஆகியவை அங்கே கற்பிக்கப்பட்டன. வர இயலாதோர் அஞ்சல் வழியிலும் பயின்றனர். சலவையும் சமையலுமே கதி என்றிருந்த கறுப்பினப் பெண்கள் சான்றிதழ் பெற்றுச் சொந்தத் தொழில் நடத்தினர். 1910இல் இண்டியனாபொலிசில் தொழிற்சாலையும் எழுந்தது.

1912இல் கறுப்பின வணிகர் மாநாட்டில் தலைவர் புக்கர் டி. வாஷிங்டன் இவருக்குப் பேச வாய்ப்பளிக்கவில்லை. அம்மையார் தாமே எழுந்து, பருத்தி வயலிலிருந்து தாம் உயர்ந்த வரலாற்றை எடுத்துரைத்தார். மறு ஆண்டு அதே தலைவர் அவரை மேடைக்கு அழைத்தார்!

1917இல் பிலடெல்பியாவில் தம் முகவர்களான இருநூறுக்கும் மேற்பட்ட பெண்களை மாநாட்டில் கூட்டினார். மிகுதியாய் விற்றவர்களுக்கு மட்டுமன்றி, மிகுதியாய் அறம் செய்தவர்களுக்கும் பரிசளித்தார். தம் இன மக்களை வெறிக்கும்பல்கள் கொன்றதை எதிர்த்து, அதே ஆண்டு வெள்ளை மாளிகைக்குச் சென்ற குழுவிலும் இடம்பெற்றார். 1919 மே 25ஆம் நாள் 51ஆம் வயதில் மறைந்தார். வருங்கால இலாபத்தின் பெரும்பகுதியை அறப்பணிகளுக்கே எழுதிவைத்திருந்தார்.

அன்பு மாணவியரே! இறைவன் அளித்த தாலந்தை அம்மையார் புதைத்து வைக்கவில்லை, தனக்கென்றும் வைத்துக்கொள்ளவில்லை. நேர்மையாய்ச் செய்யும் எத்தொழிலும் இழிவானதன்று. நாம் கற்றதைப் பிறருக்கும் கற்பித்து, அவர்களையும் உடன் உயர்த்துவோமாக!